பூட்டனைத் தேடி வுன்ஸ்டோர்ஃப் வரை

ஜெர்மனியில் பள்ளிக்கூடம் போன எல்லோரும் முதலாம் உலகப் போரைப் படித்திருப்போம். வெர்டூன், பதுங்குகுழி, நச்சுவாயு. என் பாடப்புத்தகத்தில் ஒரு தலைப்பாகை கூட இல்லை. இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அந்தப் போருக்காகக் கடல் கடந்தார்கள் என்பதையும், அவர்களில் சிலர் நான் வளர்ந்த பெர்லினுக்கு அருகிலேயே கைதிகளாக இருந்தார்கள் என்பதையும் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் அறிந்தேன். அதுவும் ஒரு தோழியால்.

அவள் பஞ்சாபி. அவளது பூட்டன், அதாவது தாத்தாவின் அப்பா, 1914இல் சிப்பாயாகக் கப்பல் ஏறினார். திரும்பவில்லை. தாத்தா பிறந்தபோது தகப்பன் ஊரில் இல்லை. வீட்டில் மிஞ்சியது நான்கே விஷயங்கள்: 'சிங்' என்று முடியும் ஒரு பெயர், அவருடைய தகப்பனின் பெயர், ஒரு கிராமம், அப்புறம் 'ஜெர்மனி' என்ற ஒரு சொல். படம் இல்லை. படைப்பிரிவின் பெயர் யாருக்கும் நினைவில்லை. எனக்குப் பழைய ஜெர்மன் கையெழுத்தை வாசிக்கத் தெரியும் (ஒரு செமஸ்டர் முழுக்க அதற்காகவே அழுதிருக்கிறேன்) என்பதால் என்னிடம் வந்தாள்.

முதலில் இறந்தவர்களின் பட்டியலைப் பார்த்தோம். பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் தேடலாம். இந்திய வீரர்களின் பதிவுகள் பலவற்றில் தகப்பன் பெயர், கிராமம், மாவட்டம் எல்லாம் இருக்கும். பிரான்சில் நவ் ஷப்பெல் என்ற ஊரில் உள்ள நினைவிடத்தில் மட்டும், கல்லறை தெரியாத 4,700க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள் உள்ளன. பூட்டனின் பெயரில் நிறையப் பேர் இருந்தார்கள். அந்தத் தகப்பனும் அந்தக் கிராமமும் சேர்ந்த ஆள் ஒருவரும் இல்லை.

இங்கேதான் சிக்கல் தொடங்கியது. இறந்தவர் பட்டியலில் இல்லையென்றால், ஒருவேளை இறக்கவில்லையோ? உயிரோடு இருந்தும் வீட்டுக்கு வராமல் விட்டாரோ? ஊரில் ஒரு பெண் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு ஆயுள் முழுக்க விதவையாக இருந்திருக்கிறாள். தோழியின் அப்பா நேரடியாகவே சொல்லிவிட்டார், இதைக் கிளறாதே என்று. அவள் கிளறினாள். நானும் கூடப் போனேன்.

ஜெர்மன் ராணுவ முகாமில் இருந்தவரை ஜெர்மன் ராணுவக் காப்பகத்தில்தானே தேட வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். முடியாது. பிரஷ்ய ராணுவத்தின் ஆவணங்கள் பொட்ஸ்டாமில் இருந்தன. 1945 ஏப்ரல் 14 அன்று இரவு பிரிட்டிஷ் விமானங்கள் அந்த நகரத்தின்மேல் குண்டு போட்டன. ஒரு போரின் காகிதங்களில் பெரும்பகுதியை அடுத்த போர் எரித்துவிட்டது.

தப்பியது ஜெனீவாவில் இருந்த பிரதி. 1914 ஆகஸ்டில் செஞ்சிலுவைச் சங்கம் அங்கே போர்க்கைதிகளுக்கான முகவரகம் ஒன்றைத் திறந்தது. போரிட்ட நாடுகள் தாங்கள் பிடித்த கைதிகளின் பட்டியல்களை அங்கே அனுப்பின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள், பெரும்பாலும் பெண்கள், அந்தப் பெயர்களை ஆளுக்கொரு அட்டையாக எழுதி அடுக்கினார்கள். தாய்மார் கடிதம் போட்டு "என் மகன் எங்கே?" என்று கேட்டால் அட்டையைப் புரட்டிப் பதில் சொன்னார்கள். 2007இல் யுனெஸ்கோ இந்தத் தொகுப்பை உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. 2014 முதல் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

ஆனால் கூகுளில் தேடுவது போல இல்லை. பெயரைத் தட்டினால் ஆள் வந்துவிடமாட்டார். எந்த நாட்டுப் படை என்று தெரிவு செய்து, அகரவரிசையில் அட்டைகளின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அட்டையில் பெயர், படைப்பிரிவு, ஒரு குறியீட்டு எண் இருக்கும். அந்த எண்ணை வைத்து மூலப் பட்டியலின் பக்கத்துக்குப் போனால் எங்கே பிடிபட்டார், எந்த முகாம், எந்த ஊர் என்று கிடைக்கலாம். ஊர்ப் பெயர்தான் பெரிய கூத்து. பஞ்சாபிக்காரர் வாயால் சொன்னதை ஒரு ஜெர்மன் எழுத்தர் காதால் கேட்டு எழுதியிருக்கிறார். அதை அங்கே ஒரு பிரெஞ்சு பேசும் பெண் பார்த்துப் படியெடுத்திருக்கிறாள். வாய்விட்டு, ஜெர்மன் உச்சரிப்பில், சத்தமாக வாசித்தால்தான் ஊர் பிடிபடும். நூலகத்தில் எங்களை இரண்டு தடவை அமைதியாக இருக்கச் சொன்னார்கள்.

பெர்லினுக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது வுன்ஸ்டோர்ஃப். 1915இல் அங்கே ஒரு முகாம் உருவானது. பெயர் 'ஹால்ப்மோண்ட்லாகர்', பிறைநிலா முகாம். அழகான பெயர் சும்மா வைக்கப்பட்டதல்ல. பிரிட்டிஷ், பிரெஞ்சு படைகளிலிருந்து பிடிபட்ட முஸ்லிம் வீரர்களை நன்றாக நடத்தி, அவர்களைத் தங்கள் எஜமானர்களுக்கு எதிராகத் திருப்பலாம் என்று ஜெர்மனி கணக்குப் போட்டது. ஓட்டோமான் சுல்தான் ஜிகாத் அறிவித்திருந்த நேரம். 1915 ஜூலையில் முகாமுக்குள் மரத்தால் ஒரு பள்ளிவாசலே கட்டித் திறந்தார்கள். ஜெர்மன் மண்ணில் தொழுகைக்காக எழுந்த முதல் பள்ளிவாசல் அது. இந்துக்களும் சீக்கியர்களும் கூட இங்கே, இந்தியர்களுக்கான பகுதியில் வைக்கப்பட்டார்கள். முகாமுக்கென்று இந்தியிலும் உருதுவிலும் 'ஹிந்தோஸ்தான்' என்ற பத்திரிகை அச்சானது.

நம்மவர் ஒருவர் இந்தக் கதைக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழர் செண்பகராமன் பிள்ளை 1914இல் சூரிச்சிலிருந்து பெர்லின் வந்து, இந்தியப் புரட்சியாளர்களின் குழுவில் சேர்ந்தார். கைதிகளைப் பிரிட்டனுக்கு எதிராகத் திரட்டுவது அந்தக் குழுவின் வேலைகளில் ஒன்று. அவரை நாம் 'எம்டன்' கப்பலோடு சேர்த்துப் பெருமையாகப் பேசுகிறோம். முகாமின் கம்பி வேலிக்கு உள்ளே நின்ற விவசாயி மகனுக்கு அந்தப் பேச்சு எப்படிக் கேட்டிருக்கும் என்று நாம் யோசிப்பதில்லை. ஒரு பேரரசு அவனைச் சம்பளம் கொடுத்துக் கூட்டி வந்தது. இன்னொன்று அவனைப் பிடித்து வைத்துக்கொண்டு, விடுதலைக்காகப் போராடு என்றது. பெரும்பாலானவர்கள் எந்தப் பக்கமும் போகவில்லை. வீட்டுக்குப் போகவே விரும்பினார்கள்.

அவர்களைத் தேடி அறிஞர்களும் வந்தார்கள். ஏகோன் ஃபொன் ஐக்ஸ்டெட் என்பவர் முகாமில் சீக்கியர்களின் உடலையும் தலையையும் அளந்து தன் முனைவர் பட்ட ஆய்வை எழுதினார். பின்னாளில் நாஜிக் காலத்து இன அறிவியலின் பெரும்புள்ளிகளில் ஒருவர் ஆனார். இடையில் 1920களின் கடைசியில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து அங்கேயும் அளந்தார்.

1915 முதல் 1918 வரை இன்னொரு குழு ஒலிப்பதிவுக் கருவியோடு முகாம் முகாமாக அலைந்தது. வில்ஹெல்ம் டூகன் என்ற ஆசிரியர் முன்னின்ற அந்தக் குழு சுமார் 1,650 இசைத்தட்டுகளைப் பதிவு செய்தது. இன்று அவை ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக்காப்பகத்தில் இருக்கின்றன. பதிவு செய்யப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் உண்டு. எங்கே பிறந்தீர், ஆறு வயது வரை எங்கே வளர்ந்தீர், அப்பா எந்த ஊர், அம்மா எந்த ஊர், தாய்மொழி என்ன, எழுதத் தெரியுமா, பாடத் தெரியுமா. ஒரு பேரப்பிள்ளை கேட்க விரும்பும் கேள்விகள் எல்லாம்! கேட்டவர்களுக்கோ தேவைப்பட்டது உச்சரிப்பு மட்டும்.

1916 டிசம்பர் 11 அன்று பதிவான மால் சிங்கின் குரலை நாங்கள் இருவரும் ஹெட்போன் போட்டுக் கேட்டோம். ஊரில் வெண்ணெய் தின்று வாழ்ந்த ஒரு மனிதன் போருக்கு வந்து ஜெர்மன்காரரிடம் சிக்கினான், அவன் ஊருக்குப் போக விரும்புகிறான் என்று, தன் கதையை யாரோ ஒருவனின் கதை போலச் சொல்கிறார். இன்னும் இரண்டு வருடம் இருந்தால் செத்துவிடுவான் என்கிறார். எனக்குப் பஞ்சாபி தெரியாது. தோழி மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவள் வெண்ணெய் வந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். அவளது பூட்டனின் பெயர் ஒலிக்காப்பகத்தில் இல்லை.

ஜெனீவா அட்டைகளில் இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. ஒரே பெயர், வெவ்வேறு படைப்பிரிவு. ஒருவர் 1914 டிசம்பரில் பிடிபட்டவர், வுன்ஸ்டோர்ஃப். அவருடைய ஊர்ப் பெயர் ஓரளவு ஒத்துப்போகிறது, ஆனால் தகப்பன் பெயர் இல்லை. மற்றவருக்கு ஊரே எழுதப்படவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை ரயிலேறி வுன்ஸ்டோர்ஃப் போனோம். பள்ளிவாசலை 1920களிலேயே இடித்துவிட்டார்கள். பின்னர் சோவியத் ராணுவம் 1994 வரை அந்தப் பகுதி முழுவதையும் வைத்திருந்தது. 2015இல் அகதிகளைத் தங்கவைக்க இடம் தயாரானபோது தொல்லியலாளர்கள் தோண்டிப் பார்த்து, பள்ளிவாசலின் எச்சங்களைக் கண்டார்கள். இப்போது அங்கே புதிதாக வருகிறவர்களைப் பதியும் முகாம் இருக்கிறது. என் அப்பா ஜெர்மனிக்கு வந்த காலத்துக் கதைகளை 'காம்பில இருக்கேக்க' என்றுதான் தொடங்குவார். வேலிக்கு அந்தப் பக்கம் கயிற்றில் காய்ந்த சின்னப்பிள்ளைச் சட்டைகளைப் பார்த்தபோது அந்தச் சொல்தான் காதில் விழுந்தது.

கல்லறைத் தோட்டம் கொஞ்சம் தள்ளிக் காட்டுக்குள். பெயர் ஸேரன்ஸ்டோர்ஃப், ஆனால் அந்தப் பெயருள்ள கிராமம் இப்போது இல்லை. ராணுவப் பயிற்சி நிலத்துக்காகக் காலி செய்துவிட்டார்கள். 206 இந்தியர்கள் அங்கே இருக்கிறார்கள். பலரைக் கொன்றது குண்டல்ல, காசநோயும் குளிரும். அதனால்தான் 1917இல் இந்தியக் கைதிகளில் பெரும்பாலானோரை ருமேனியாவுக்கு மாற்றினார்கள். சோவியத் காலத்தில் காடு மூடிய இடத்தைச் சீர்செய்து 2005இல் மறுபடி திறந்தார்கள். ஒவ்வொரு கல்லாக வாசித்தோம். பூட்டன் இல்லை. தோழிக்கு நிம்மதியா ஏமாற்றமா என்று அவள் முகத்தில் எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.

உங்கள் குடும்பத்தில் இரண்டாம் உலகப் போருக்குப் போனவர் இருந்தால் வேறு வழி. வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியர்கள் பலர் ஜெர்மனியின் அன்னாபுர்க் முகாமுக்கு வந்தார்கள். அங்கேயிருந்து சிலர் சுபாஸ் சந்திர போஸின் 'சுதந்திர இந்தியப் படை'யில் சேர்ந்து ஹிட்லரின் பெயரிலும் சத்தியம் செய்தார்கள். 1944இல் அந்தப் படையை எஸ்.எஸ்.ஸின் கீழ் கொண்டுவந்தார்கள். ஆகவே கிடைப்பது பெருமையாகத்தான் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். எதைத் தேடினாலும் முதலில் வீட்டில் கேட்டு எழுதி வையுங்கள்: ஆளின் பெயர், தகப்பன் பெயர், கிராமம், படை எண். எண் இருந்தால் பாதித் தூரம் கடந்துவிட்டீர்கள். எங்களிடம் அது இருக்கவில்லை.

இதையெல்லாம் ஒரு இரவு அம்மாவிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் 2009 மே மாதத்துக்குப் பிறகு செய்தி இல்லாத ஒரு மாமா இருக்கிறார். இறப்புச் சான்றிதழ் எடுக்க அம்மா சம்மதிக்கவில்லை. 2016இல் இலங்கையில் ஒரு புதுச் சட்டம் வந்தது. இறந்தார் என்று சொல்லாமல் 'காணவில்லை' என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் எடுக்கலாம். அதற்கும் அம்மா சம்மதிக்கவில்லை. செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்த விவரத்தின் பிரதி ஒரு பிளாஸ்டிக் உறையில் அலுமாரிக்குள் இருக்கிறது. நான் நூறு வருடத்துக்கு முந்தைய அட்டையை மடிக்கணினியில் காட்டியபோது கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டப் பார்த்தார். "ஆர் எழுதினதாம்?" என்றார். ஜெனீவாவில் ஒரு பெண் என்றேன். "வடிவா எழுதியிருக்கிறா," என்றார்.

தோழி இப்போது லாகூர் பக்கம் தேடுகிறாள். லாகூர் அருங்காட்சியகத்தில் பஞ்சாப் வீரர்கள் சுமார் 3,20,000 பேரின் பதிவேடுகள் கிடந்தன. 2021 முதல் அவை இணையத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவை கிராமம் கிராமமாக எழுதப்பட்டவை, தகப்பன் பெயரும் உண்டு. அவளுடைய மாவட்டத்துப் பக்கங்கள் இன்னும் கைக்கு வரவில்லை. அதுவரை இரண்டு அட்டைகளும் அவள் கணினியில் ஒரே கோப்பில்தான் இருக்கின்றன. கோப்பின் பெயரைப் பஞ்சாபியில் 'பூட்டன்' என்று வைத்திருக்கிறாள். அவளுடைய அப்பா போன வாரம் முதல் தடவையாக, அதை அனுப்பு பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறார்.