சோலூர்ல ஹம்மிங்பேர்டா?

ஊட்டிக்குப் பக்கத்துல சோலூர், கிளன்மார்கன்னு சுத்திட்டு வர்றவங்க சொல்றது: "தேயிலைத் தோட்டத்துல ஹம்மிங்பேர்டு ஜோடி பார்த்தோம்!" மக்களே, பார்த்தது நிஜம், பேருதான் தப்பு. ஹம்மிங்பேர்டு, அதாவது ஓசனிச்சிட்டு, முந்நூத்துச் சொச்சம் இனம். அத்தனையும் அமெரிக்கக் கண்டங்கள்ல மட்டும்தான். நம்ம ஊர்ல இருக்கிறது தேன்சிட்டு.

இதுல வேடிக்கை என்னன்னா, லின்னேயஸ் அந்தக் காலத்துலயே குழம்பல. 1758-ல ஓசனிச்சிட்டுக்கு ட்ரோகிலஸ்னு தனிப் பேரு வெச்சுட்டார். 1766-ல நம்ம பக்கத்துத் தேன்சிட்டுகளுக்குப் பேரு வெச்சப்போ, வளைஞ்ச மூக்கைப் பார்த்தோ என்னவோ, மரமேறிப் பறவையோட செர்தியாவுல சேர்த்துட்டார். அதுவும் சரியில்லதான், ஆனா ஓசனிச்சிட்டு கூட சேர்க்கலையே! அதுல ஒண்ணுக்கு லோட்டன் பேரு. இவர் 1752 முதல் 1757 வரை இலங்கையில டச்சு கவர்னர். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய குட்டித் தேன்சிட்டுக்கு 1832-ல பேரு வெச்சவர் சைக்ஸ். மெட்ராஸ் ராணுவ டாக்டர் ஜெர்டன் 1862-ல 'இந்தியப் பறவைகள்' நூலோட முதல் பாகத்தைக் கொண்டுவந்தார்.

சரி, காதலுக்கு வருவோம். வித்தியாசம் பளிச்னு தெரியறது இங்கதான். அமெரிக்காவோட மேற்குக் கடற்கரையில இருக்கிற அன்னா ஓசனிச்சிட்டு, ஆண், உயரத்துக்குப் போய் விர்ர்ருனு செங்குத்தா பாயும். கீழ வர்றப்போ 'கீச்'னு ஒரு சத்தம். அது தொண்டையில இருந்து வர்றதில்ல, வால் இறகு காத்துல அதிர்றதுன்னு 2008-ல கிளார்க், ஃபியோ ரெண்டு பேரும் காட்டினாங்க. இணை சேர்ந்ததும் ஐயா எஸ்கேப். கூடு, முட்டை, குஞ்சு எல்லாம் அம்மா பாடு.

நம்ம ஊதாத் தேன்சிட்டு பாயாது. பெட்டை முன்னாடி தலையைத் தூக்கி, வாலை விரிச்சு, இறக்கையைப் படபடத்து, நெஞ்சோரம் ஒளிச்சு வெச்சிருக்கிற மஞ்சள் இறகுக் கொத்தைக் காட்டிப் பாடும். சிலந்தி நூல்ல தொங்குகூடு பின்றதும் அடைகாக்கிறதும் பெட்டைதான். ஆனா குஞ்சுக்கு இரை ஊட்ட அப்பாவும் வருவார் :-)

அப்போ ஓசனிச்சிட்டுக்கு இங்க சொந்தமே இல்லையா? இருக்கு, பூவுலதான் தேடக்கூடாது. மேல பாருங்க: வானத்துல அரிவாள் மாதிரி இறக்கையோட சுத்துற உழவாரன்தான் நெருங்கின உறவு. இன்னொண்ணு: இப்போதைய வடிவத்துல இருக்கிற ஓசனிச்சிட்டோட மிகப் பழைய புதைபடிவம் அமெரிக்காவுல கிடைக்கல. ஜெர்மனியில கிடைச்சது, 2004-ல மயர் வெளியிட்டார், வயசு சுமார் 3 கோடி வருஷம். ஐரோப்பாவுல இருந்தது ஏன் அழிஞ்சுதுன்னு இன்னும் யாருக்கும் தெரியல.