"எங்கே?" என்பதே முதல் கேள்வி

108க்கு எப்போதாவது கூப்பிட்டவர்களுக்கு இந்தக் கோபம் தெரிந்திருக்கும். நாம் பதறிப்போய் "அப்பா விழுந்துட்டார்"ன்னு கத்துவோம். அந்தப் பக்கம் இருப்பவர் நிதானமாக எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்பார். மனுஷனுக்கு என்ன ஆச்சுன்னு கேட்கக்கூடத் தோணலையே என்று நமக்கு ஆத்திரம் வரும்.

அமெரிக்காவில் 911 அழைப்பை எடுக்க வரும் புதியவர் முதலில் பழகுவதும் இதைத்தான். முகவரி, அப்புறம் போன் நம்பர், அதற்கப்புறம்தான் 'என்ன நடந்தது?'. லைன் பாதியில் அறுந்தாலும் முகவரி கையில் இருந்தால் வண்டியை அனுப்பிவிடலாம். இந்தக் கேள்விகளும் அவற்றின் வரிசையும் எப்படி உருவாயின என்று தேடப் போய், கொஞ்சம் ஆழமாகவே மாட்டிக்கொண்டேன்.

1935 நவம்பர் 10. லண்டன் விம்போல் தெருவில் ஒரு டாக்டர் வீட்டில் தீ. எதிர்வீட்டுக்காரர் போனை எடுத்து ஆப்பரேட்டருக்கான 0 சுழற்றினார். யாரும் எடுக்கவில்லை. அந்தத் தீயில் ஐந்து பெண்கள் இறந்தார்கள். அவர் 'தி டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுத, அரசு விசாரணைக் குழு அமைத்தது. எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள்மேல் பழி போடுவதில் அர்த்தமில்லை. அவர்கள் முன்னால் இருந்த பலகையில், அத்தைக்கு வாழ்த்துச் சொல்ல வரும் அழைப்புக்கும் தீ விபத்து அழைப்புக்கும் ஒரே மாதிரி விளக்குதான் எரியும். எங்கள் பாஷையில் சொன்னால் ஒரே க்யூ, பிரையாரிட்டி கிடையாது.

1937 ஜூன் 30 அன்று லண்டனில் 999 வந்தது. அந்த அழைப்பு வந்தால் சிவப்பு விளக்கு எரியும், ஹாரன் அலறும். முதல் வாரத்தில் 1,336 அழைப்புகள், அதில் 91 விளையாட்டுக்குச் செய்தவை (அப்பவே!). ஆனால் ஆப்பரேட்டரின் வேலை, போலீஸா தீயணைப்பா ஆம்புலன்ஸா என்று கேட்டு இணைத்துவிடுவதோடு முடிந்தது.

அமெரிக்காவில் முதல் 911 அழைப்பு 1968இல், அலபாமாவின் ஹேலிவில் என்ற சின்ன ஊரில். அங்கேயும் முறை இதேதான்: விவரம் எழுது, வண்டியை அனுப்பு, போனை வை. என்ன செய்வது என்று கூப்பிட்டவருக்குச் சொல்லித்தருவது வழக்கமில்லை. சொல்லி ஏதாவது தப்பாகிவிட்டால் கேஸ் போடுவார்கள் என்ற பயம்.

1970களின் நடுவில் ஃபீனிக்ஸ் நகரத்தில் அந்தப் பயத்தை ஒருவர் மீறினார். குழந்தைக்கு மூச்சில்லை என்று ஒரு தாய் கூப்பிட, தீயணைப்புத் துறையின் பாராமெடிக் ஒருவர் போனிலேயே அவருக்கு ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுத்தார். குழந்தை பிழைத்தது. சில வருடங்கள் கழித்து சால்ட் லேக் சிட்டியில் டாக்டர் ஜெஃப் கிளாசன் இந்த மாதிரி உதவியை அட்டைகளாக எழுதினார். நெஞ்சுவலி, வலிப்பு, பிரசவம் என்று 29 வகைகள். ஒவ்வொன்றிலும் என்ன கேட்கணும், வண்டி வரும்வரை என்ன சொல்லணும், எந்த வண்டி எவ்வளவு அவசரமாகப் போகணும் என்று இருக்கும்.

டாக்டர் எழுதித்தான் ஆகணுமா, அனுபவமுள்ள ஒரு நர்ஸை உட்கார வைத்தால் போதாதா என்று எனக்கும் தோன்றியது. டல்லஸ் நகரம் அதைத்தான் செய்தது. 1984 ஜனவரியில் ஒருவர் தன் மாற்றாந்தாய்க்கு ஆம்புலன்ஸ் கேட்டுக் கூப்பிட்டார். நோயாளியிடமே போனைக் கொடுக்கச் சொன்னார் நர்ஸ். அவரால் பேச முடியவில்லை என்று இவர் சொல்ல, நர்ஸ் விடாமல் கேட்க, வாக்குவாதம் ஆனது. வண்டி கிளம்புவதற்குள் நிமிடங்கள் போய்விட்டன. அந்த அம்மா இறந்துபோனார். பதிவான உரையாடல் நாடு முழுக்க ஒலிபரப்பானது. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. அந்த நர்ஸுக்கு மருத்துவம் தெரியாமல் இல்லை. ஆனால் நேரில் நோயாளியைப் பார்ப்பதும், பார்க்க முடியாத ஒரு அறையைப் பதறுகிறவரின் வாய்வழியே பார்ப்பதும் வேறு வேறு தொழில்கள்.

இந்த இரண்டாவது தொழில் எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுண்டியைப் பார்க்கலாம். டாக்டர் மிக்கி ஐசன்பர்க் குழுவினர் 1980களில் அங்கே போன்வழி சிபிஆரைக் கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் ஆம்புலன்ஸுக்கு முன்பே சிபிஆர் தொடங்கிய நேர்வுகள், பாதிக்கும் கீழே இருந்தது பாதியைத் தாண்டியது. இதில் பெரிய பொறி ஒன்று இருந்தது. இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்கள் சிலருக்கு ஒரு மாதிரி விக்கல் போல, குறட்டை போல மூச்சு இழுக்கும். "மூச்சு விடுறாரா?" என்று கேட்டால் வீட்டார் "ஆமா, விடுறார்" என்பார்கள். பொய்யில்லை, கண்ணால் பார்ப்பதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த "ஆமா"வோடு சிபிஆர் நின்றுபோகும். அதனால் இரண்டே கேள்விகள்: நினைவு இருக்கிறதா? மூச்சு இயல்பாக இருக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்றால் உடனே ஆரம்பித்துவிடணும். இதயம் நிற்காதவருக்குத் தப்பாக அழுத்திவிட்டாலும் பெரிய காயம் அபூர்வம். அழுத்தாமல் விட்டால் உயிரே போகும்.

புதியவர் தடுமாறும் இடம் இந்த 'இயல்பாக' என்ற சொல்தான். அவசரத்தில் அதை விழுங்கிவிடுவார். பக்கத்தில் இன்னொரு ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளர் அப்போது குறுக்கிட வேண்டியிருக்கும். அட்டையில் இருக்கிறபடி அப்படியே படி என்று வற்புறுத்துவதன் காரணம் இதுதான். நானாக இருந்தால் இரண்டாவது நாளே என் சொந்த வார்த்தைகளில் கேட்க ஆரம்பித்திருப்பேன்.

கூப்பிட்டவர் கத்திக்கொண்டே இருந்தால்? அதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஒரே வாக்கியம், அதே சொற்கள், அதே குரல், கூடவே ஒரு காரணம். "அவருக்கு உதவணும்னா நான் சொல்றதை நீங்க கேட்கணும்." மறுபடி அதையே. குரலை உயர்த்தக் கூடாது, சொல்லை மாற்றக் கூடாது. மூன்றாவது நான்காவது தடவையில் பெரும்பாலும் அந்தப் பக்கம் அமைதியாகும். அப்புறம், கட்டிலிலிருந்து தரையில் இறக்கச் சொல்லணும். வயதான மனைவி தனியாக இருந்தால் அதற்கே நேரமாகும். உள்ளங்கை மார்பின் நடுவில். நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை அழுத்தணும். புதியவரும் ஹெட்செட்டில் கூடவே சத்தமாக எண்ணுவார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, கதவில் ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று கேட்கும்வரை.