ஊரைக் காலி செய்தது யார்?

இங்கிலாந்தின் கிராமப்புறங்களில், சுற்றுவட்டாரத்தில் ஒரு வீடுகூட இல்லாமல் மேய்ச்சல் நிலத்தின் நடுவே தனித்து நிற்கும் பழைய தேவாலயங்கள் பல உண்டு. இவற்றைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை ஒன்றுதான்: 1348-49இல் வந்த கொள்ளைநோய் ஊரையே வாரிக்கொண்டு போனது, கோயில் மட்டும் மிஞ்சியது. அப்படி அழிந்த ஊர்கள் இல்லாமல் இல்லை. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் டஸ்மோரில் குடியானவர்கள் கொள்ளைநோயில் மாண்டுபோக, 1350களிலேயே நில உடைமையாளர் ஊரை வேலி போட்டு அடைத்துக்கொண்டார். ஆனால் இங்கிலாந்தில் இதுவரை அடையாளம் காணப்பட்டுள்ள சுமார் 3,000 கைவிடப்பட்ட இடைக்கால ஊர்களில் டஸ்மோர் போன்றவை விதிவிலக்குகள். மிக விரிவாகத் தோண்டி ஆராயப்பட்ட ஊரான யார்க்ஷயரின் வொரம் பெர்சி வேறொரு கதையைச் சொல்கிறது. அந்த ஊரை நோய் மெலியவைத்தது உண்மை. காலி செய்ததோ மனிதர்கள் எடுத்த முடிவு.

யார்க்ஷயர் வோல்ட்ஸ் எனப்படும் சுண்ணக்குன்றுகளின் பள்ளத்தாக்கு ஒன்றில் இருக்கிறது வொரம் பெர்சி. இன்று அங்கே கூரையில்லாத புனித மார்ட்டின் ஆலயமும் அதற்குக் கீழே ஒரு குளமும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. மேட்டின் மேல் வரிசையாக இருந்த வீட்டுமனைகள் புல் மூடிய திட்டுகளாகக் கிடக்கின்றன. பொருளாதார வரலாற்றறிஞர் மாரிஸ் பெரஸ்ஃபோர்ட் 1950இல் இங்கே தோண்டத் தொடங்கினார். ஊர் எப்போது கைவிடப்பட்டது என்று தெரிந்துகொள்வதே அவர் நோக்கம். தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்ட் விரைவிலேயே அவருடன் சேர்ந்தார். அகழாய்வு 1990 வரை ஒவ்வொரு கோடையிலும் நடந்தது. கைவிடப்பட்ட ஊர்கள் இங்கிலாந்தில் அபூர்வம் என்றே மூத்த வரலாற்றறிஞர்கள் அதுவரை நம்பியிருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த நாற்பது ஆண்டு உழைப்பின் மதிப்பு புரியும்.

தேதிகளைப் பார்ப்போம். 1323ஆம் ஆண்டு ஆவணத்தில் வொரம் பெர்சி பரிதாபமான நிலையில் இருக்கிறது: நிலத்தில் பெரும்பகுதி தரிசு, மாவாலைகள் ஓடவில்லை. 1315-17இன் பெரும்பஞ்சம் கழிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஸ்காட்லாந்துப் படைகள் யார்க்ஷயருக்குள் புகுந்து சூறையாடிய காலமும் அதுதான். கொள்ளைநோய் வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே ஊர் பாதி செத்திருந்தது என்று சொல்லலாம். பிறகு கொள்ளைநோயும் வந்தது. அப்படியிருந்தும் 1368இல் அங்கே ஏறக்குறைய 30 வீடுகளில் ஆட்கள் குடியிருந்தார்கள். பஞ்சம், படையெடுப்பு, கொள்ளைநோய் என்று அடுத்தடுத்து வந்த மூன்று அடிகளையும் தாங்கிய ஊர் இது. 1458இல் வீடுகள் 16 ஆகக் குறைந்திருந்தன. அதற்குள் ஊர் அதன் பழைய உடைமையாளர்களான பெர்சி குடும்பத்திடமிருந்து, தொலைவில் டர்ஹாம் பகுதியில் வாழ்ந்த ஹில்டன் குடும்பத்தின் கைக்கு மாறியிருந்தது. 1517இல் அரசு நடத்திய விசாரணையில் ஹில்டன் பிரபு நான்கு வீடுகளை அழியவிட்டு, நான்கு ஏர்களை நிறுத்திவிட்டதாகப் பதிவாகிறது. உழுத நிலம் ஆட்டுக்கிடையாயிற்று. ஏர் பூட்டிய ஊருக்குப் பல குடும்பங்கள் வேண்டும். ஆட்டுமந்தைக்கு ஓர் இடையரும் ஒரு நாயும் போதும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கொள்ளைநோய் 1348-49உடன் நின்றுவிடவில்லை, 1361இலும் அதற்குப் பிறகும் திரும்பத் திரும்ப வந்தது. ஆட்கள் குறைந்ததால் கூலி ஏறியது, குத்தகை சரிந்தது. குன்றின் மேல் மெல்லிய மண்ணை உழுது அலுத்துப்போன குடும்பங்கள் நல்ல நிலம் மலிவாகக் கிடைத்த ஊர்களுக்குத் தாமாகவே கிளம்பிப்போயின. அப்படியானால் நில உடைமையாளர் செய்தது காலியாகிக்கொண்டிருந்த ஊரின் கதவைச் சாத்தியது மட்டும்தானே? 30 வீடுகள் 16 ஆனதற்கு இந்த விளக்கம் பொருந்தும், ஏற்கிறேன். ஆனால் 16 குடும்பங்கள் உள்ள இடம் ஓர் ஊர்தான். அதைவிடச் சிறிய ஊர்கள் இங்கிலாந்தில் இன்றைக்கும் இருக்கின்றன. அதோடு, கிளம்பத் துடித்துக்கொண்டிருந்த மக்களைப் பற்றி அரசு விசாரணை நடத்தவேண்டிய தேவையில்லை. 1489இலேயே ஊர்களைக் காலி செய்வதற்கு எதிராக நாடாளுமன்றம் சட்டம் இயற்றிவிட்டது. அந்தக் காலத்தவர்களே இதை நோயின் மிச்சமாகப் பார்க்காமல் உடைமையாளர்கள் செய்த குற்றமாகப் பார்த்தார்கள். கடைசி நான்கு வீடுகள் என்ற எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் ஊர் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானித்தது அந்த நான்கு வீடுகள்தான்.

ஆலயத்தின் சுவரும் இந்த வரலாற்றைக் காட்டுகிறது. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்புறமும், பிறகு வடபுறமும் பக்கக் கூடங்கள் கட்டி, நடுவே கல்வளைவுகள் எடுத்து ஆலயத்தை அகலப்படுத்தினார்கள். பிற்காலத்தில் அந்தக் கூடங்களை இடித்துவிட்டு வளைவுகளைக் கல்வைத்து அடைத்தார்கள். இன்றும் சுவரை நெருங்கிப் பார்த்தால் தூண்களும் வளைவுகளும் அதற்குள் புதைந்து நிற்பதைக் காணலாம். ஊர் சிறுத்ததால் ஆலயமும் சிறுத்தது என்று சட்டென்று சொல்லத் தோன்றும், ஆனால் அங்கே ஒரு நிதானம் தேவை. அந்த ஆலயம் வொரம் பெர்சிக்கு மட்டும் உரியதல்ல. திக்சன்டேல், டௌதோர்ப், ரெய்ஸ்தோர்ப், பர்டேல் ஆகிய ஊர்களுக்கும் அதுவே பங்கு ஆலயம். ஆகவே சுவர் அளந்து காட்டுவது ஓர் ஊரின் தேய்வை அல்ல, ஒரு பங்கு முழுவதின் தேய்வை. இதே உண்மை இன்னொரு கேள்விக்கும் விடை தருகிறது. ஊர் அழிந்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆலயம் ஏன் உயிரோடிருந்தது? பங்கு என்பது நிலத்தோடும் அதிலிருந்து வரும் தசமபாகத்தோடும் பிணைந்தது. வீடுகள் போனாலும் அது போகாது. திக்சன்டேல்காரர்கள் குன்றுகளைத் தாண்டி வந்து இங்கேயே வழிபட்டார்கள், இறந்தவர்களை இங்கேயே புதைத்தார்கள். இந்த வளாகத்திலிருந்து தோண்டியெடுக்கப்பட்ட ஏறக்குறைய 700 எலும்புக்கூடுகளில் பல தலைமுறைகள் இருக்கின்றன. கொள்ளைநோய் சில நாட்களில் கொன்றுவிடுவதால் எலும்பில் கண்ணுக்குத் தெரியும் தடம் பதிப்பதில்லை. ஆகவே அந்த எலும்புகளின் தோற்றத்தை மட்டும் காட்டி நோய்க்கதையை நிரூபிக்கவும் முடியாது.

ஆலயத்தின் முடிவுக்கும் நோய் காரணமில்லை. 1870இல் சர் டேட்டன் சைக்ஸ் என்ற நிலப்பிரபு, கட்டடக் கலைஞர் ஜார்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட்டைக் கொண்டு திக்சன்டேலில் புதிய ஆலயம் கட்டிக்கொடுத்தார். அங்குள்ள மக்களுக்கு அது பெரிய உதவி. மழையிலும் பனியிலும் இனி குன்றேற வேண்டியதில்லை. ஆனால் அந்த நாளிலிருந்து புனித மார்ட்டின் ஆலயம் தன் சபையில் பெரும்பகுதியை இழந்தது. 1949இல் கடைசி ஆராதனை நடந்தது. அடுத்த பத்தாண்டுகளில் யாரோ கூரையின் ஈயத்தை உரித்துப்போனார்கள். 1959இல் கோபுரத்தின் ஒரு பக்கம் சரிந்து விழுந்தது.