நவதாராளவாதமும் தமிழ்நாட்டின் குழந்தை, குடும்பச் சமூகப்பணியும்

நவதாராளவாதம் என்பது சந்தைக்கு முதலிடம் தந்து, அரசின் சமூகச் செலவைக் கட்டுப்படுத்தி, பொறுப்புகளைத் தனியாரிடமும் தனிமனிதரிடமும் ஒப்படைக்கும் பொருளியல் கொள்கையாகும். பிரித்தானியாவில் 1979-இல் மார்கரெட் தாட்சர் ஆட்சிக்கு வந்தபின் இது வலுப்பெற்றது. அங்குச் சமூகப்பணியாளர்கள் படிவம், இலக்கு, ஒப்பந்தம் ஆகியவற்றின் நிருவாகிகளாக மாறினர். இந்தியாவில் 1991 சூலையில் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தங்கள் இதே திசையில் அமைந்தன. தமிழ்நாட்டில் இதன் தாக்கம் வேறு வடிவில் வந்தது. அரசு பின்வாங்கவில்லை, ஆனால் பணி செய்யும் முறையும் பணி செய்வோரின் நிலையும் மாறின.

1991-க்கு முன்

தமிழ்நாட்டில் குழந்தை நலப்பணி தொண்டு நிறுவனங்களிலிருந்து வளர்ந்தது. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி 1930-இல் சென்னையில் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் சென்னை சமூகப்பணிப் பள்ளியை நிறுவியபின் சமூகப்பணி ஒரு தொழிற்கல்வியாயிற்று. 1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. 1982 சூலை 1-இல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தது.

இரு அணுகுமுறைகள்

1980-களில் தமிழ்நாட்டில் இரண்டு அணுகுமுறைகள் அருகருகே நடந்தன. உலக வங்கிக் கடனுதவியுடன் 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடைபார்த்தது. எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலம், பொதுவாக 90 நாள், துணை உணவு வழங்கியது. தேறிய குழந்தை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. சத்துணவுத் திட்டமோ மையத்துக்கு வரும் குழந்தைகள் அனைவருக்கும் சோறிட்டது.

முன்னது இலக்கு வைத்த உதவி. பின்னது பொது உரிமை. எடைபார்க்கும் முறை கடும் ஊட்டக்குறைவைக் குறைக்க உதவியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் உணவு என்பது குறையுள்ளவர்க்குத் தரும் மருந்தா, எல்லாக் குழந்தைக்கும் உரியதா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. சீர்திருத்தக் காலத்தின் பெரும் விவாதமும் இதுவே.

1991-க்குப் பின் மூன்று மாற்றங்கள்

முதலாவது, நிரந்தரமற்ற பணி. அங்கன்வாடிப் பணியாளரை ‘மதிப்பூதியம்’ பெறும் தன்னார்வலராகவே நடுவண் அரசு கருதிவருகிறது. 2009-இல் வந்த ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாவட்டந்தோறும் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள் அமைந்தன. அவற்றின் பணியிடங்களில் பெரும்பாலானவை தொகுப்பூதிய ஒப்பந்தப் பணியிடங்கள். ஒரு குழந்தையின் நம்பிக்கையைப் பெற ஆண்டுகள் ஆகும். ஆனால் பணியாளரின் ஒப்பந்தம் ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்படுகிறது.

இரண்டாவது, கடன். 1989-இல் தருமபுரியில் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. சேமிப்பும் கூட்டுறவும் பெண்களுக்குத் துணிவைத் தந்தன. காலப்போக்கில் தனியார் நுண்கடன் நிறுவனங்கள் நுழைந்தன. குடும்பத்தின் வறுமைக்கு விடை கூலி உயர்வன்று, கடன் என்றாயிற்று. கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2025-இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டிவந்தது.

மூன்றாவது, நிறுவனக் கொடை. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 135-இன்படி குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும்.

ஆரணி, கும்மிடிப்பூண்டி வட்டாரம்

இங்குக் குறிப்பிடப்படும் ஆரணி, திருவள்ளூர் மாவட்டத்தில் ஆரணியாற்றங்கரையில் உள்ள பேரூராட்சி. திருவண்ணாமலை மாவட்டத்துப் பட்டு நகரம் அன்று. இதன் வடகிழக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது. அங்கு உருக்காலைகள் முதலியவற்றில் பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களும் வேலை செய்கின்றனர்.

2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த தொழிற்சாலைச் சட்டம் 1948, பிரிவு 48-இன்படி 30-க்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டியிருந்தது. ஆலையில் காப்பகம் இல்லாத இடத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது பாட்டியின் அல்லது மூத்த பெண்பிள்ளையின் வேலையாகிறது. அந்தப் பெண்பிள்ளை பள்ளியை விட்டு நிற்பதற்கும் இது காரணமாகலாம்.

மாவட்டத்தின் செங்கற்சூளைகளில் நிலைமை மேலும் கடினம். மேற்கு ஒடிசாவிலிருந்து முன்பணம் பெற்றுக் குடும்பம் குடும்பமாக வருவோர் சில மாதங்கள் சூளையிலேயே தங்குகின்றனர். ‘பதூரியா’ எனப்படும் வேலை அலகில் ஆணும் பெண்ணும் குழந்தையும் சேர்த்தே கணக்கிடப்படுவது வழக்கம். கூலி கல் எண்ணிக்கைக்கு என்பதால் குழந்தையின் கையும் வேலையில் சேர்கிறது. கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனாலும் இம்மாவட்டச் சூளைகளிலிருந்து குடும்பங்கள் மீட்கப்பட்ட நிகழ்வுகள் உண்டு. இக்குழந்தைகளுக்காகப் பணியிடப் பள்ளிகளும் ஒடியா மொழிப் பாடநூல்களும் ஏற்பாடு செய்யப்பட்டன. அது நல்ல பணி. ஆனால் குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பதோடு சமூகப்பணி நின்றுவிட்டால், முன்பணமும் கூலி முறையும் கேள்விக்கு உள்ளாவதில்லை.

எதிர்த்திசை

2001-இல் தொடர்ந்த உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 திசம்பரில் அங்கன்வாடிச் சேவையை எல்லாக் குழந்தைகளுக்கும் விரிவாக்க ஆணையிட்டது. 2015-16 நடுவண் வரவு செலவுத் திட்டத்தில் இத்திட்டத்துக்கான ஒதுக்கீடு முதலில் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. எதிர்ப்புக்குப் பின் திருத்தி உயர்த்தப்பட்டது. 2022 ஏப்ரலில் அங்கன்வாடிப் பணியாளருக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு அரசு இவர்களுக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் வழங்குகிறது. மாநிலத்தில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன.

மதிப்பீடு

நிறுவனக் கொடையால் அங்கன்வாடிச் சுவருக்கு வண்ணம் பூசலாம். பள்ளிக்குக் கழிப்பறை கட்டலாம். அதே நிறுவனத்தின் ஒப்பந்தத் தொழிலாளிக்கு நிரந்தர வேலையும் காப்பகமும் தருவது கொடைக் கணக்கில் வராது. ஆகவே உதவி கண்ணுக்குத் தெரிகிறது, உரிமை மறைந்துபோகிறது. குடும்பத்தின் துன்பத்தைப் பெற்றோரின் பொறுப்பின்மையாகப் பார்க்காமல், கூலி, வேலைநேரம், கடன் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதே சமூகப்பணி தன் முழுப் பொருளைப் பெறுகிறது. தமிழ்நாட்டு வரலாற்றில் அதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. ஏழை எவர் என்று தேடாமல் வந்த குழந்தைகள் எல்லாருக்கும் இலை போட்டதே அது.