ஏர்க்காலிலிருந்து சேணத்துக்கு

1914-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 4-ஆம் தேதி, பிரிட்டன் ஜெர்மனியின்மீது யுத்தப் பிரகடனம் செய்த அதே நாளில், லண்டன் மாநகரின் தென்பகுதியில் பெக்கத்துக்கும் ஹானர் ஓக்குக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த தாமஸ் டில்லிங் கம்பெனியாரின் குதிரை பஸ் கடைசி முறையாக ஓடி நின்றது. மோட்டார் வந்து குதிரையின் பிழைப்பைக் கெடுத்தது என்பது பொதுவாக மெய்யே. ஒரு காலத்தில் ஏறக்குறைய பதினாயிரம் குதிரைகளுக்குத் தீனி போட்டுவந்த லண்டன் ஜெனரல் ஆம்னிபஸ் கம்பெனி 1911 அக்டோபரிலேயே தன் கடைசிக் குதிரை பஸ்ஸை நிறுத்திவிட்டிருந்தது. எனினும் அந்த ஆகஸ்டு மாதத்தில், மோட்டாருக்குத் தப்பியிருந்த வண்டிக் குதிரைகளையும் யுத்தம் வந்து கேட்டது.

கேட்டது திடீரென்று அல்ல. 1887-இல் படைக்குக் குதிரை சேகரிப்பதற்கென்றே தனி இலாகா ஒன்று ஏற்பட்டதும், பஸ், டிராம் கம்பெனிகளின் லாயங்களிலுள்ள குதிரைகளைப் பெயர் பதிந்துவைத்து, குதிரை ஒன்றுக்கு வருஷத்துக்குப் பத்து ஷில்லிங் கொடுத்து, ஆபத்துக் காலத்தில் அழைத்துக்கொள்ளும் உரிமையைச் சர்க்கார் சம்பாதித்துக்கொண்டது. 1899-இல் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டபோது இந்த ஏற்பாடு முதன்முதலாகப் பரீட்சைக்கு வந்தது. கப்பலிலிருந்து இறங்கி இளைப்பாறவும் விடாமல் ஓட்டிச் சென்றதாலும், தீனிக் குறைவாலும், நோயாலும் அந்த யுத்தத்தில் மடிந்த பிரிட்டிஷ் தரப்புக் குதிரைகள் மூன்று லட்சத்துக்கும் மேல். போர்ட் எலிசபெத் நகரில், மண்டியிட்ட சிப்பாய் ஒருவன் தன் குதிரைக்குத் தண்ணீர் வாளியை நீட்டுவதுபோல் 1905-இல் நிறுவிய வெண்கலச் சிலை, அந்தப் பாவத்துக்குச் செய்த பிராயச்சித்தம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இவ்வளவு நாசத்துக்கு நடுவிலும் பீரங்கிகளை இழுக்கப் போன பஸ் குதிரைகள் நல்ல பெயர் வாங்கின.

அதில் வியப்பில்லை. ஒரு பஸ்ஸுக்கு 11 குதிரைகள் என்பது லண்டனில் கணக்கு. ஒரு ஜோடி சில மணி நேரம் இழுத்து ஓய்ந்ததும் மறு ஜோடி வந்து பூட்டப்படும். கனத்த வண்டியை நிமிஷத்துக்கு நிமிஷம் நிறுத்துவதும் கிளப்புவதுமாகக் கால் தேய்ந்து, சுமார் ஐந்து வருஷத்தில் அந்தக் குதிரை பஸ்ஸுக்கு உதவாமல் போய்விடும். அந்த ஐந்து வருஷத்தில் அது கற்றுக்கொண்டதோ கொஞ்சமல்ல. இரைச்சலுக்கு மிரளாது, கூட்டத்துக்கு ஒதுங்காது, நில் என்றால் நிற்கும், கடிவாளத்தின் பாஷை அதற்குத் தலைகீழ்ப் பாடம். புல்வெளியிலிருந்து பிடித்துவந்த இளங்குதிரைக்குப் படையினர் மாதக்கணக்கில் புகட்ட வேண்டிய பொறுமையை அது தெருவிலேயே படித்து முடித்திருந்தது.

ஆயினும் முதுகில் ஒருவன் ஏறுவது வேறு விஷயம். வண்டிக் குதிரைக்கு யஜமானன் எப்போதும் பின்னால் இருப்பவன். குரலும் வாரும் சவுக்குமாக மட்டுமே அவனை அது அறியும். கண்மறைப்பை அவிழ்த்துவிட்டால், தன் முதுகுக்கு மேலே ஓர் உருவம் எழும்புவதை ஆயுளில் முதல் தடவையாகக் கடைக்கண்ணால் பார்த்து வெலவெலத்துப் போகும். விலாவில் கால் பட்டால் அதற்குப் பொருள் தெரியாது. கழுத்துப்பட்டையில் சாய்ந்து முன்னங்கால்களில் பாரத்தைப் போட்டே பழகியதால், ஆளைச் சுமக்கப் பின்னங்கால்களை உடம்புக்கு அடியில் வாங்கிக்கொள்ள அறியாது. பாய்ச்சலெடுத்தபோதெல்லாம் வாரை இழுத்து அடக்கப்பட்ட அதனை இப்போது பாய்ந்து ஓடு என்றால், அது குற்றமல்லவா என்று தயங்கும். ஜோடியில் எப்போதும் ஒரே பக்கம் பூட்டப்பட்டதோ, தனியே விட்டதும் பக்கத்தில் இல்லாத துணையைத் தேடி அந்தப் பக்கமே சாயும்.

அனுபவசாலிகள் கைக்கொண்ட உபாயம் எளியது: தெரிந்ததைக் கொண்டு தெரியாததைப் புகட்டுவது. வெறுஞ் சேணத்தைக் கட்டி, அங்கவடிகள் விலாவில் தட்டத் தட்ட, நீண்ட வாரைப் பிடித்துப் பின்னால் நடந்தபடியே ஓட்டுவார்கள். பிறகு ஒருவன் முதுகின் குறுக்கே மூட்டைபோல் வயிறு படியப் படுப்பான். அது பழகிய பின்பே காலைப் போட்டு உட்காருவான். உட்கார்ந்ததும் அது நெடுநாள் கேட்ட ஓட்டுக் குரலைக் கொடுத்து, அதே கணத்தில் கால்களால் விலாவை அணைப்பான். நாளடைவில் குரல் தேய்ந்து கால் மட்டும் மிஞ்சும்.

இதற்கெல்லாம் அவகாசமில்லாத 1914-இல் கை கொடுத்தது பீரங்கிப் படையின் பழைய சம்பிரதாயம் ஒன்று. பதினெட்டு இராத்தல் குண்டு வீசும் பீரங்கியும் அதன் முன்வண்டியுமாகச் சுமார் இரண்டு டன் கனத்தை மூன்று ஜோடிக் குதிரைகள் இழுக்கும். சாரதிக்கு ஆசனமே கிடையாது. ஜோடிக்கு ஒருவனாக மூன்று பேர் இடப்புறக் குதிரைகளின்மேல் ஏறியிருந்து வலப்புறக் குதிரைகளையும் கையில் பிடித்து நடத்துவார்கள். பள்ளத்திலும் சேற்றிலும், ஒரு குதிரை அடிபட்டு விழுந்த குழப்பத்திலும், ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மனிதன் அருகிலேயே இருக்க வேண்டும் என்பதே இதன் நியாயம். ஆகவே பஸ் குதிரை தனக்குத் தெரிந்த இழுப்பை விடாமலே, பக்கத்தில் துணையும் நெஞ்சில் பாரமும் இருக்க, ஆளேற்றிப் பழக முடிந்தது. ஏறவிடாமல் முரண்டியதை வலப்புறம் போட்டுவிட்டாலும் பாதகமில்லை.

உண்மையில் அதிகம் திண்டாடியவன் மனிதன். உயரப் பலகையில் அமர்ந்து வார்களை விரலிடுக்கில் ஆண்டவனுக்குச் சேணத்தில் முதல் வாரம் நரகம். இரண்டு குதிரைகளுக்கு நடுவே தொங்கும் வலக்கால் நசுங்காதிருக்க இரும்பு பதித்த தோலுறையை அதில் கட்டிக்கொண்டு, இடக்கையில் தன் குதிரையையும் வலக்கையில் மற்றதையும் சவுக்கையும் சமாளித்து, இரவில் இரண்டு குதிரைகளையும் இரண்டு ஜோடு சாமான்களையும் அவனே துலக்க வேண்டும். இவனுக்குக் கற்றுக்கொடுக்கச் சார்ஜெண்டு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கையில் குதிரை பாடத்தை முடித்துவிட்டு நின்றிருக்கும் என்பது என் ஊகம்.

சமாதான காலத்தில் ஏறக்குறைய 25,000 ஆக இருந்த பிரிட்டிஷ் படைக் குதிரைகள் பன்னிரண்டே நாட்களில் 1,65,000 ஆயின. தொண்டர் குதிரைப்படையில் சேர்ந்த பால்காரன் குதிரை ஒன்று, அணிவகுப்பில் போகையில் வாசலுக்கு வாசல் நின்று பார்த்தது என்று ஒரு வேடிக்கைக் கதை சொல்லுவார்கள். கதையை நம்பாவிட்டாலும் அந்தச் சுபாவத்தை நம்பலாம். சென்னையில் கப்பலிறங்கிய ஆஸ்திரேலிய வேலர் குதிரைகளைச் சாரட்டுக்கும் சேணத்துக்கும் வித்தியாசமின்றி விற்றதும், ஒரு வேலையோடு குதிரையின் புத்தி முடிந்துவிடுவதில்லை என்று வியாபாரிகள் அறிந்திருந்ததாலேயே.

யுத்தம் முடிந்தபின் டிராக்டரும் லாரியும் பீரங்கிகளை இழுக்கத் தொடங்கின. 1946-இல், சடங்குகளுக்கென்று, லண்டனில் மீண்டும் ஒரு குதிரைப் பீரங்கி அணி அமைத்து, மறு வருஷம் ஆறாம் ஜார்ஜ் மன்னர் அதற்கு அரசனின் அணி என்று பெயரிட்டார். அங்கே பீரங்கிக்கு ஆறு குதிரைகள், அவற்றில் இடப்புறம் மூன்றின்மேல் மூன்று பேர் என்ற பழைய கணக்கே நீடித்தது.