வறுமைத் தெருவின் குற்றப்படங்கள்: மலிவு உற்பத்தியும் கலைவடிவமும்

கலை வரலாற்றை எழுதுவோர் சிகரங்களை நோக்கிப் பழகியவர்கள். அமெரிக்கச் சினிமாவின் வரலாறும் கிரிபித், சப்ளின், ஓர்சன் வெல்ஸ் ஆகிய பெருங்கலைஞர்களின் வரலாறாகவே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்துள்ளது. எனினும், 1910கள் முதல் 1950கள் வரை அந்நாட்டின் சிறுநகரங்களிலும் தொழிலாளர் வாழ் பகுதிகளிலும் இருந்த படமாளிகைகள் வாராவாரம் நம்பியிருந்தவை வேறு வகைப் படங்களாகும். குறைந்த செலவில், சில நாள்களுள் எடுத்து முடிக்கப்பட்ட துப்பறியும் படங்கள், கொள்ளையர் படங்கள், அத்தியாயங்களாக வெளிவந்த சாகசத் தொடர்படங்கள் என்பனவே அவை.

இப்படங்கள் பற்றி மூன்று வகையான நோக்குகள் நிலவுகின்றன. தூய கலைவாதிகள் இவற்றைக் குப்பையென ஒதுக்குவர். முற்போக்கு விமரிசகர் சிலர் இவற்றை ஆளும் வர்க்கம் மக்களுக்கு ஊட்டிய அபினி எனக் கூறி அத்துடன் அமைவர். பிரெஞ்சு விமரிசகர் வழிவந்த மூன்றாவது சாரார், இவற்றை இயக்கிய ஓரிருவரைத் தனிப்பெரும் மேதைகளாகப் போற்றுவர். கொடார் 1960இல் வெளிவந்த தமது முதல் நெடும்படத்தை மொனோகிராம் என்னும் மலிவுப்பட நிறுவனத்துக்குக் காணிக்கையாக்கியமை இங்கு நினைவுகூரத்தக்கது. இம்மூன்று நோக்குகளுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. இப்படங்கள் எவ்வாறு உற்பத்தி செய்யப்பட்டன, எவ்வாறு விற்கப்பட்டன என்னும் வினா அவற்றில் முதன்மை பெறுவதில்லை. அவ்வினாவிலிருந்து தொடங்கினால் மாத்திரமே இவற்றின் வடிவத்தையும் உள்ளடக்கத்தையும் நாம் சரிவர விளங்கிக்கொள்ளல் சாலும்.

தொடர்படத்தின் பிறப்பு பத்திரிகை வணிகத்தோடு பிணைந்ததாகும். 1913ஆம் ஆண்டின் இறுதியில் 'கத்லினின் சாகசங்கள்' என்ற தொடரை ஸெலிக் நிறுவனம் சிக்காகோ ரிபியூன் பத்திரிகையுடன் இணைந்து வெளியிட்டது. திரையில் ஓர் அத்தியாயமும் தாளில் அதன் கதையும் ஒருங்கே வெளிவந்தன. 1914இல் பாத்தே நிறுவனம், ஹேர்ஸ்ட் பத்திரிகைகளின் துணையுடன், பேர்ள் வைற் நடித்த 'போலினின் ஆபத்துகள்' என்னும் தொடரை 20 அத்தியாயங்களில் வெளியிட்டது. தொடக்கத்தில் அத்தியாயங்கள் பல தம்மளவில் நிறைவு பெற்றனவாகவே இருந்தன. கதாநாயகி மரணத்தின் வாயிலில் நிற்கையில் கதையை அறுத்து, அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கும் உத்தி அதன்பின்னரே நிலைபெற்றது. அடுத்த இதழை வாங்கச் செய்யும் பத்திரிகை முதலாளியின் தேவை, இவ்வாறு திரையில் ஒரு கதைசொல்லும் முறையாக மாறிற்று.

இவ்வடிவத்தினுள் முரண்பட்ட உள்ளடக்கங்கள் இடம்பெற்றன. கேலம் நிறுவனம் 1914 தொடக்கம் 1917 வரை 119 அத்தியாயங்களாக வெளியிட்ட 'ஹெலனின் அபாயங்கள்' என்ற தொடரின் நாயகி புகையிரத நிலையத்தில் தந்தி அனுப்பும் ஒரு பெண். ஓடும் புகையிரதத்தின் மீது பாய்ந்து கொள்ளையரைப் பிடிப்பவள் அவள். அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் பெண்கள் பெருந்தொகையாக நுழைந்துகொண்டிருந்த காலத்தின் குரலை இங்கு நாம் கேட்கிறோம். ஆனால், 1917இல் ஹேர்ஸ்ட் தரப்புத் தயாரித்த 'பற்றியா' என்ற தொடரின் நாயகியோ ஆயுதத் தொழிற்சாலையொன்றின் வாரிசு. ஜப்பானியரும் மெக்சிக்கரும் ஐக்கிய அமெரிக்காவுக்கு எதிராகச் செய்யும் சதியை அவள் முறியடிக்கிறாள். சனாதிபதி வில்சனே இத்தொடரின் ஜப்பானிய எதிர்ப்பைக் கண்டித்து எழுத நேர்ந்தது. பெண்ணின் துணிவு ஒரு தொடரில் உழைப்பின் பக்கமும், மற்றையதில் ஆயுத வணிகத்தின் பக்கமும் நின்றது. வடிவம் ஒன்றாயினும் அது எவர் கையில் உள்ளது என்பது பொருளை மாற்றிவிடுகின்றது.

1929இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் நிலைமை மேலும் மாறிற்று. வெறுமையாகிய அரங்குகளை நிரப்புவதற்காக, ஒரே கட்டணத்துக்கு இரு படங்கள் காட்டும் வழக்கம் 1930களில் நாடெங்கும் பரவிற்று. இவற்றுள் முதற்படம் வசூலில் விகிதாசாரப் பங்கு என்னும் அடிப்படையில் அரங்குக்குக் கொடுக்கப்பட்டது. இரண்டாவது படமோ நிலையான வாடகைக்குக் கொடுக்கப்பட்டது. இவ்வேறுபாடே எமது ஆய்வின் திறவுகோலாகும். நிலையான வாடகை பெறும் படம் சிறப்பாக அமைந்தாலும் வருவாய் உயராது; மோசமாக அமைந்தாலும் வருவாய் உடனே குறையாது. எனவே, இலாபத்தைக் கூட்டுவதற்குத் தயாரிப்பாளர் முன் எஞ்சியிருந்த வழி செலவைக் குறைப்பதொன்றே.

இச்சந்தையை நம்பி, ஹொலிவூட்டின் கௌவர் வீதியை அண்டிச் சிறு நிறுவனங்கள் பல தோன்றி மறைந்தன. அப்பகுதி 'வறுமைத் தெரு' எனப் பரிகசிக்கப்பட்டது. பெருநிறுவனங்கள் ஐந்தும் தமக்கெனச் சொந்த அரங்குகளை வைத்திருந்தன. வறுமைத் தெருவாருக்கோ அரங்குகள் இருக்கவில்லை. அவர்கள் மாநிலவாரியாக வேறு விநியோகஸ்தருக்குப் படங்களை விற்றனர். அவர்களது படச்சுருள்களைக் கழுவிப் பிரதியெடுத்த ஆய்வுகூடத்துக்கே அவர்களுட் பலர் கடன்பட்டிருந்தனர். அக்கடனை நெம்புகோலாகக் கொண்டு, ஆய்வுகூட உரிமையாளரான ஹேர்பேட் யேட்ஸ் 1935இல் மொனோகிராம், மஸ்கொட் முதலிய சிறு நிறுவனங்களை ஒன்றிணைத்து றிப்பப்ளிக் நிறுவனத்தை உருவாக்கினார். மொனோகிராம் 1937இல் மீண்டும் தனிவழி சென்றது. மூலதனம் குவிந்து ஒருமுகப்படும் போக்கு வறுமைத் தெருவையும் விட்டுவைக்கவில்லை.

செலவுக் குறைப்பு வெறும் கணக்கு விடயமன்று. அது படத்தின் உடலிலேயே பதிந்து கிடக்கின்றது. தொடர்படங்களில் இடையில் ஓர் அத்தியாயம் வரும். பாத்திரங்கள் ஓரிடத்தில் அமர்ந்து நடந்தவற்றை நினைவுகூர்வர். பழைய காட்சிகள் மீண்டும் காட்டப்படும். புதிதாக எடுக்க வேண்டியது சில நிமிடங்களே. மொனோகிராம் 1945இல் வெளியிட்ட 'டிலிஞ்சர்' படத்தில் இடம்பெறும் கொள்ளைக் காட்சி, 1937இல் பிரிற்ஸ் லாங் இயக்கிய வேறொரு படத்திலிருந்து எடுத்து ஒட்டப்பட்டதாகும். பொருள்களில் உறைந்து கிடக்கும் கடந்தகால உழைப்பை மார்க்ஸ் 'இறந்த உழைப்பு' என்றார். கூலி பெற்று ஒரு தடவை குதிரையிலிருந்து வீழ்ந்த சாகசக் கலைஞனின் வீழ்ச்சி, படச்சுருளில் உறைந்து, படத்துக்குப் படம் மீண்டும் மீண்டும் விற்கப்பட்டது. அவனது பெயர் பெரும்பாலும் திரையில் தோன்றியதில்லை.

இந்நிலைமைகளிலிருந்து கலை தோன்றுமா? எட்கார் ஊல்மர் இயக்கி, பி.ஆர்.சி. நிறுவனம் 1945இல் வெளியிட்ட 'டிற்றூர்' என்ற படம் இவ்வினாவுக்கு உரைகல்லாக அமைகின்றது. 68 நிமிடங்களே ஓடும் இப்படத்தில், கையிற் பணமில்லாத பியானோக் கலைஞன் ஒருவன் நியூயோர்க்கிலிருந்து லொஸ் ஏஞ்சல்சுக்கு வழிப்போக்கர் கார்களில் ஏறிப் பயணிக்கிறான். ஏற்றிச் சென்றவர் வழியில் இறக்க, பொலிசார் தன்னை நம்பமாட்டார்கள் என அஞ்சி இறந்தவரின் பெயரையும் பணத்தையும் அவன் எடுத்துக்கொள்கிறான். பின்னர் அவ்வுண்மையை அறிந்த பெண்ணொருத்தியின் பிடியில் அகப்படுகிறான். நியூயோர்க் வீதி இங்கு மூடுபனியாகவே காட்டப்படுகின்றது. வீதியை அமைக்கப் பணமில்லை. ஆயினும், அம்மூடுபனி வழி தெரியாத மனிதனின் உலகாகவும் ஆகிவிடுகின்றது.

ஊல்மர் இப்படத்தை ஆறு நாள்களில் எடுத்ததாகப் பிற்காலத்திற் கூறினார். நிறுவன ஆவணங்களோ படப்பிடிப்பு அதைவிட நீண்டதையும், செலவு ஓரிலட்சம் டொலரைத் தாண்டியதையும் காட்டுகின்றன. வறுமையையே மேதையின் அணிகலனாக்கும் கதைகளை நாம் அப்படியே ஏற்றல் தகாது. அதே நிறுவனத்தில், அதே நெருக்கடியில் எடுக்கப்பட்ட பல படங்கள் உயிரற்றுக் கிடக்கின்றன. அன்றைய ஒஸ்ரிய ஹங்கேரியப் பேரரசிற் பிறந்து, பேர்ளினில் 'ஞாயிற்றுக்கிழமை மனிதர்கள்' என்ற 1930ஆம் ஆண்டுப் படத்தின் ஆக்கத்திற் பங்குகொண்டு, பின்னர் அமெரிக்காவில் யிடிஷ் மொழிப் படங்களும் உக்ரேனிய மொழிப் படங்களும் எடுத்தவர் ஊல்மர். அவர் கொணர்ந்த கலைப்பயிற்சி, உற்பத்தியின் தடைகளோடு மோதியபோதே மூடுபனி பொருள் பெற்றது. நிலைமைகள் எல்லையை வகுத்தன. அவ்வெல்லைக்குள் உழைத்தது மனித உணர்வே.

உள்ளடக்கம் பற்றியும் இவ்வாறே கூறலாம். 1934 தொடக்கம் இறுக்கமாக நடைமுறைப்படுத்தப்பட்ட தயாரிப்பு ஒழுக்கக்கோவை, குற்றவாளி தண்டிக்கப்படாமல் படம் முடிவதை அனுமதிக்கவில்லை. எனவே 'டிற்றூர்' நாயகனும் இறுதியில் பொலிசாரின் காரில் ஏற்றப்படுகிறான். ஆனால் அதற்கு முன்னர் நாம் காண்பது, பணமில்லாதவனுக்கு நீதியில் நம்பிக்கை கொள்ளக் காரணமேதும் இல்லாத ஒரு நாட்டையே. ஒட்டப்பட்ட முடிவு அக்காட்சியை அழித்துவிடவில்லை.

இப்படங்களின் முடிவும் கலைஞர்களின் சோர்வினால் நேர்ந்ததன்று. 1948இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் பரமவுண்ட் வழக்கில் வழங்கிய தீர்ப்பு, படங்களைக் கட்டுக்கட்டாக அரங்குகள் மீது சுமத்தும் முறையைத் தடைசெய்தது. பெருநிறுவனங்கள் தம் அரங்குகளைப் பிரித்துவிட நேர்ந்தது. தொலைக்காட்சி எஞ்சியிருந்த சந்தையையும் கைப்பற்றிற்று. ஹொலிவூட்டின் கடைசித் தொடர்படம் 1956இல் வெளிவந்தது. அதே காலத்தில் மற்றொன்றும் நிகழ்ந்தது. கம்யூனிஸ்டுகள் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கறுப்புப் பட்டியலிடப்பட்ட எழுத்தாளர் சிலர், மலிவுப்படத் தயாரிப்பாளரிடம் குறைந்த ஊதியத்துக்கு மறைவாக எழுத வேண்டியவராயினர். 1950இல் வெளிவந்த 'கன் கிறேசி' என்ற குற்றப்படத்துக்கு டல்டன் ட்றம்போ ஆற்றிய பங்கு மற்றொருவர் பெயரிலேயே வெளிவந்தது. தயாரித்த கிங் சகோதரர்களே முன்னர் 'டிலிஞ்சர்' படத்தையும் தயாரித்தவர்கள். மலிவான உழைப்பைத் தேடும் அதே தேவை, துரத்தப்பட்டவர்களுக்கு ஒதுங்கிடம் அளித்தது. அவர்களைச் சுரண்டவும் செய்தது.

ஆகவே, வெகுசனக் கலையை ஆராய முற்படும் நாம், அதனை முழுமையாகப் புறந்தள்ளுவதோ கண்மூடிப் போற்றுவதோ பொருந்தாது. ஒரு படம் எவ்வுறவுகளின் கீழ் ஆக்கப்பட்டது, அவ்வுறவுகள் அதன் வடிவில் எங்கெங்கே தடம் பதித்துள்ளன, அத்தடங்களினூடே மக்களின் அனுபவம் எவ்வளவுக்கு வெளிப்பட்டுள்ளது என்பவற்றைத் தனித்தனியே ஆராய்தல் வேண்டும். பெயரற்றுப் போன சாகசக் கலைஞரும், பெயர் மறைக்கப்பட்ட எழுத்தாளரும் கலை வரலாற்றில் தமக்குரிய இடத்தைப் பெறுவதற்கு அவ்வாய்வே வழிசெய்யும்.