பூவரசின் பெயரும் இலத்தீன் இலக்கணமும்

பேசுவோர் வழக்கொழிந்த பின்னரும் ஒரு மொழியின் இலக்கணம் ஆட்சி செலுத்தக்கூடும் என்பதற்குப் பூவரசின் தாவரவியற் பெயர் தக்கதொரு சான்றாகும்.

பண்டை உரோமர் மரப்பெயர்களினின்றும் பெயரடைகளைப் பிறப்பித்தனர். 'ஃபாகுஸ்' என்பது பீச்சு மரம். அதனாற் செய்த பொருள் 'ஃபாகினுஸ்' என்னும் அடை பெற்றது. 'லவுருஸ்' மரத்தினின்றும் 'லவுரெயுஸ்' பிறந்தது. தமிழ் வேந்தர் வாகை சூடியது போல, வென்ற உரோமப் படைத்தலைவர் அம்மரத்தின் இலைமாலையைச் சூடினர். மாலையைக் குறிக்கும் 'கொரோனா' பெண்பாற் சொல்லாதலின் அடையும் 'லவுரெயா' எனப் பெண்பாலீறு கொண்டது. காலப்போக்கில் மாலை என்னும் சொல் தொக்கு நிற்க, அடையே பெயராயிற்று.

இலத்தீனில் பெயரின் பாலை அடையும் தழுவுதல் வேண்டும். 'உஸ்' ஈற்றுப் பெயர்களுட் பல ஆண்பாலாயினும், அவ்வீறு பெற்ற மரப்பெயர்கள் பெரும்பாலும் பெண்பாலாம். எனவே வெண்மை நிறப் பொப்லார் மரம் 'போபுலுஸ் ஆல்பா' எனப்படும். 'ஆல்புஸ்' என்பது வழுவாகும். முதலெழுத்தைக் குறிலாக்கிப் 'பொபுலுஸ்' என்றாலோ, அது மக்களைக் குறிக்கும் ஆண்பாற் சொல். உரோம எழுத்தில் இரண்டும் பொதுவாக ஒரே வடிவில் எழுதப்படும். தமிழெழுத்தில் வேறுபாடு கண்ணுக்கே புலனாகும்.

ஈழத்திலே ஒல்லாந்தர் காலத்து மருத்துவர் ஹேர்மன் திரட்டிய செடிகளைக் கொண்டு 1747 ஆம் ஆண்டில் இலங்கைத் தாவர நூலொன்றை வெளியிட்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ். அவர் 1753 இல், பொப்லார் இலையை ஒத்த இலையுடைய பூவரசுக்கு 'ஹிபிஸ்குஸ் போபுல்னெயுஸ்' எனப் பெயரிட்டார். பின்னர் அவருடைய மாணாக்கர் சொலாண்டர் அதனைத் 'தெஸ்பேசியா' என வேறு பேரினமாகக் கருதினார். தெய்வத்தன்மை என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்த அப்பெயரை 1807 இல் போர்த்துக்கேயரான கொறெயா வெளியிட்டார். ஹிபிஸ்குஸ் ஆண்பால், தெஸ்பேசியா பெண்பால். ஆதலின் 'போபுல்னெயுஸ்' என்பது 'போபுல்னெயா' எனத் திரிந்தது. மரம் மாறவில்லை, அதன் அடைமொழியின் ஈறே மாறிற்று.

புதிய தாவரங்களின் விளக்கத்தை ஆங்கிலத்திலும் எழுதலாம் என்னும் விதி 2012 ஆம் ஆண்டு தொடக்கம் நடைமுறைக்கு வந்தது. எனினும் பெயர்கள் இலத்தீன் இலக்கணத்துக்கே இன்றும் அமைகின்றன. பல மொழி பேசும் அறிஞர் ஒரு மரத்தை ஒரே பெயரால் அறிதற்கு எவர்க்கும் தாய்மொழியல்லாத இலத்தீன் பொதுநிலமாக உதவுகின்றது. யாழ்ப்பாணத்து வேலிப் பூவரசும் அவ்வாறே உலகோர் அனைவர்க்கும் அறிமுகமாகின்றது.